பழகாத மூக்கு

நெய்யாறு அணைக்கு அருகிலுள்ள கள்ளிக்காட்டுப் பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. வடித்த ரப்பர்ப் பால் உறையாதிருக்க அதில் அமோனியா கலப்பர். அதன் நெடி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஆயினும் நெடுநேரம் முகர்ந்த மூக்கு அந்நெடிக்குப் பழகிவிடும். வளி மிகுந்தாலும் தொழிலாளி அதனை உணரார்.

பழகாத மூக்கொன்றை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் கார்பன் நானோ குழாயால் அமைத்துக் காட்டினர். தலைமயிரினும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய அக்குழாய், ஒற்றை அடுக்குக் கார்பன் அணுக்களால் ஆனது. அணுக்கள் யாவும் புறத்தே இருப்பதால், அமோனியா சிறிது ஒட்டினும் மின்தடை உயரும். நைட்ரஜன் டை ஆக்சைடு ஒட்டினால் குறையும்.

ஆனால் காற்றின் ஈரமும் அம்மின்தடையை மாற்றும். மழை மிகுந்த மலையடிவாரத்தில் இஃது எளிய இடர் அன்று. ஆகவே ஈரத்தைத் தனியே அளக்கும் உணரி ஒன்றையும் அருகில் பொருத்தி, அதன் அளவைக் கழித்தே அமோனியாவைக் கணிப்பர்.