கூடு கட்டும் பறவைகளைக் காணும் முறை

ஐப்பசி மழையில் கண்மாய்கள் பெருகியதும், நீரினிடையே நிற்கும் கருவேல மரங்களை நாடி நாரைகளும் கொக்குகளும் வந்து கூடு கட்டும். இவற்றைக் காண விரும்பும் திருமயம் வட்டாரக் குடியானவர்கள், அண்டையிலுள்ள ஓர் ஊரின் வழக்கத்தை அறிந்துகொள்வது நலம்.

திருமயத்திற்குத் தென்மேற்கே, சிவகங்கை ஜில்லாவில், திருப்பத்தூரிலிருந்து மேலூர் செல்லும் மார்க்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி உள்ளது. அவ்வூர்க் கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்து, சுமார் 38 ஹெக்டேர் பரப்பு, 1977-ல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. தக்க காரணமுண்டு. அப்பண்டிகை வருவது பறவைகள் கூடு கட்டத் தொடங்கும் சமயம். அப்பொழுது மிரண்டால் அவை இடத்தையே கைவிட்டுப் போய்விடக்கூடும்.

முட்டையிட்ட பிறகு நேரும் தீங்கு வேறு விதமானது. தாய் எழுந்து பறந்த சில நிமிஷங்களுக்குள் காக்கை முட்டையைக் கவர்ந்துவிடும். இறகு முளையாத குஞ்சுக்கு உச்சிவெயில் யமன். தாய் சிறகை விரித்து நிழல் தந்தாலன்றி அது பிழையாது. ஆகையால் நண்பகலில் கூடுகளை நெருங்குதல் ஆகாது.

காலையிலோ மாலையிலோ கரைமேல் ஓரிடத்தில் அமர்ந்து, தூரதிருஷ்டிக் கண்ணாடியால் பார்ப்பதே முறை. நீருக்குள் இறங்கலாகாது, நாயை உடனழைத்துச் செல்லலாகாது, படம் பிடிப்பதற்கென டிரோன் பறக்கவிடுதல் கூடவே கூடாது. எவ்வளவு தூரம் போதும் எனச் சிலர் கேட்பர். அதைப் பறவையே சொல்லும். இறகு கோதுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்க்குமாயின் வந்தவர் அதிகம் நெருங்கிவிட்டார் என்று பொருள். அடைகாக்கும் பறவை எழுந்து நிற்குமுன் பின்வாங்க வேண்டும்.

இப்பொறுமைக்கு வயலில் பலன் உண்டு. நத்தைகுத்தி நாரை நீர்நிலைகளிலும் வயல்களிலும் உள்ள நத்தைகளைத் தின்னும். பறவைகளின் எச்சம் கரைந்த கண்மாய் நீர் பயிருக்கு உரமாகும். செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் குடியானவர்கள் இதை நெடுங்காலமாக அறிந்தவர்கள்.

பாறைக் குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தையின் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். அது கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ வெறுந்தரையிலோ முட்டையிடும். ஆடு மேய்ப்பவர் தற்செயலாகக் கண்டால் விலகிப் போகவேண்டும். இடத்தை ஊரெல்லாம் பரப்பவோ கைப்பேசியில் படமாக அனுப்பவோ கூடாது. அபசகுனம் என்று அதைக் கல்லால் அடிப்போர், எலிகளைப் பிடிக்கும் கூலியில்லாக் காவற்காரனைக் கொல்கின்றனர்.

கண்மாய்க் கருவேல மரங்களை ஏலம் விடும் ஊர்கள், குஞ்சுகள் யாவும் பறந்து சென்ற பின்னரே வெட்டுக்கு நாள் குறிக்க வேண்டும். அப்பொழுதும் கூடுகள் மிகுந்த சில மரங்களை அடையாளமிட்டு விட்டுவைத்தால், மறு மழைக்குப் பறவைகள் அவற்றையே நாடி வரும்.