பழுது தேடும் கலை: அமெச்சூர் வானொலி பயில்வோருக்கு ஒரு பாடம்

தன் கையாற் கம்பி கட்டி, தன் வீட்டறையிலிருந்தே கடல்கடந்த ஒருவருடன் வானொலி வழியே உரையாடுவது அமெச்சூர் வானொலி எனப்படும். இதனிற் பொருளீட்டும் நோக்கம் இல்லை; அறியும் அவாவும் நட்பும் பிறர்க்குதவும் எண்ணமுமே இதன் முதல். 1925ஆம் ஆண்டு பாரிசு நகரில் இக்கலைஞர்தம் சர்வதேச ஒன்றியம் நிறுவப்பெற்றது. அதே ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்கு வித்திட்ட தந்தித் திணைக்களப் பிரதம பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவியுறுப்புக்களைக் கொண்டே தம் முதற் பரிசோதனைகளை நடத்தினார் என்பர். உள்ளதைக் கொண்டு இல்லாததை ஆக்குவதே இக்கலையின் இயல்பு என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை.

இக்கலையைப் பயிலப் புகும் மாணவர் நூல்களிலிருந்து ஓமின் விதியையும் அலைநீளக் கணக்கையும் எளிதிற் கற்றுக்கொள்கின்றனர். ஆயினும், கருவி வாய்மூடி இருக்கும் முதல் நாளில் அவர்கள் கற்றவை யாவும் கைவிட்டுப் போகின்றன. ஆதலின் கருவி அமைக்குங் கலையினும் பழுது தேடுங் கலையையே முதலிற் கற்றல் வேண்டும் என்பது என் துணிபு. அத்துணிபு எனக்கு வந்த வகையை முதற்கண் கூறுகின்றேன்.

சைக்கிள் தைனமோ தந்த பாடம்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. உலகச் செய்தி அறிய வேண்டியோர், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவின் மின்னைக் கொண்டு வானொலி கேட்டனர். எங்கள் ஒழுங்கையிலும் அவ்வாறே நடந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் இராக்காலத்தில் பத்துப் பன்னிருவர் கூடுவர், இளைஞர் முறைவைத்து மிதிசுற்றுவர், பெரியோர் செவிசாய்ப்பர். வெளியூரிற் பிள்ளைகளை விட்டிருந்த தாய்மாருக்கு அந்த அரைமணி நேரமே நாளின் உயிராக இருந்தது.

சைக்கிள் தைனமோ பெரும்பாலும் 6 வோல்ற்று, 3 உவாற்று அளவினது. அது தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவதோ நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்து, ஒரு பெரிய கொள்ளளவியைக் குறுக்கே இட்டால் ஒருவாறு நேரோட்டம் கிடைக்கும். பழைய மாணவர் சிலர் ஒடுக்கி என்று படித்ததையே இன்று கொள்ளளவி என்கிறோம். சுமை சிறிதாயின் தைனமோவின் அழுத்தம் வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும்; ஆதலால் மிதிசுற்றுவோன் உற்சாக மிகுதியால் விரைந்தால் வானொலி பழுதாகும். இவற்றையெல்லாம் அப்போது நாங்கள் நூலிற் படித்திலோம், பட்டுத்தான் அறிந்தோம்.

1993ஆம் ஆண்டிற் கார்த்திகை மாதத்து மழைநாளொன்றில் எங்கள் வானொலி பேசாதொழிந்தது. நான் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். பௌதிகவியலில் எனக்கிருந்த செருக்கிற்கு அளவில்லை. உடனே முதுகுப் பலகையைக் கழற்றினேன். உள்ளே சிறு தகரக் கூடுகளின் தலையில் வண்ணந் தீட்டிய திருகாணிகள் இருக்கக் கண்டேன். அவற்றுள் ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது எனக் கருதி, ஒவ்வொன்றாகத் திருகி இறுக்கினேன். வானொலி பேசவில்லை. மறுநாள், நகரில் நெடுங்காலம் வானொலி திருத்திய முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டுசென்றேன். அவர் கருவியைத் திறக்கவேயில்லை. மின் நுழையும் இடத்துக் கவ்வியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அதில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. ஒரு துண்டு மணற்கடதாசியால் இரண்டு முறை தேய்த்தார். கருவி உயிர்பெற்றது, ஆனால் எந்த நிலையமும் தெளிவாகக் கேட்கவில்லை.

"தம்பி, ஆணியளைத் திருகினனியோ?" என்றார். தலைகுனிந்தேன்.

"பழுது எங்கை எண்டு தெரியாமல் கை வைச்சால் ஒரு பழுது இரண்டாகும். உன்ரை முதற் பழுது களிம்பு. இரண்டாவது பழுது நீதான்."

நான் திருகியவை இடைமீடிறன் சுருள்களின் அகணிகள். அவை 455 கிலோஹேட்சுக்கு இசைவிக்கப்பட்டிருந்தவை. அவற்றை மீண்டும் இசைவிக்க அம்முதியவரிடம் அளவுகருவி ஒன்றும் இருந்திலது. மெலிந்த நிலையம் ஒன்றைப் பிடித்து, அது உரத்துக் கேட்கும்வரை ஒவ்வோர் ஆணியையும் மயிரிழையளவு திருப்பி, செவியொன்றையே கருவியாகக் கொண்டு சரிசெய்தார். அதற்கு நான்கு மாலைகள் சென்றன. அந்நான்கு இரவும் எங்கள் முற்றத்திற் கூடியோர் செய்தி கேளாது திரும்பிச் சென்றதை நான் இன்றும் மறந்திலேன்.

தேடும் முறை

அம்முதியவரிடம் கற்றதையும், பின்னர் அமெச்சூர் வானொலியில் ஈடுபட்ட காலத்தில் நானாகக் கண்டதையும் சேர்த்து, பயில்வோருக்குப் பயன்படுமாறு வரிசைப்படுத்துகின்றேன்.

முதலாவது, மின்வழங்கலைப் பார்த்தல். பழுதுகளிற் பல இங்கேயே இருக்கும். பியூசு, கவ்வி, சுவிற்சு, வடம் என்பவற்றைக் கண்ணாற் பார்த்தபின் அளவுகருவியாற் பார்க்க. அழுத்தத்தைக் கருவி ஓய்ந்திருக்கும்போது மட்டுமன்றி, அது வேலைசெய்யும்போதும் அளத்தல் வேண்டும். ஓய்விற் 13 வோல்ற்றுக் காட்டும் பற்றரி, ஒலிபரப்பும் கணத்தில் 10க்கு விழுமாயின் குறை கருவியிலன்று, பற்றரியிலோ அதன் வடத்திலோ உள்ளது. ஒலிபெருக்கியில் இடையறாத இரைச்சல் கேட்பின் அதன் சுருதியைக் கவனிக்க. எமது மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. முழுவலை சீராக்கியிலிருந்து எழும் முனகல் 100 சுற்றாகும். அது கேட்பின் சீராக்கியை அடுத்த கொள்ளளவி நலிந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, பாதியாகப் பிரித்தல். தொடர்ச்சியாக எட்டுப் பகுதிகள் உள்ள கருவியில் நடுவே சோதித்தால், பழுது முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது தெரிந்துவிடும். அப்பாதியை மீண்டும் பாதியாக்குக. மூன்று சோதனைகளில் எட்டில் ஒன்று அகப்படும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடுவோன் ஏழு சோதனைகள் செய்ய நேரலாம்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், மாற்றியதைக் குறித்துவைத்தல். இரண்டை ஒருங்கே மாற்றிக் கருவி சீராயின், எது காரணம் என்று அறியாமலே போவோம். திருகாணியைத் தொடவேண்டி நேரின், அதன் முதல் நிலையைப் பென்சிலாற் குறித்தபின்னரே தொடுக.

நான்காவது, கம்பியைப் பார்த்தல். 7 மெகாஹேட்சு அலைவரிசைக்கு வேண்டிய அரையலை இருமுனைக் கம்பி ஏறத்தாழ 20 மீற்றர் நீளமாகும். நடுவிற் பிரித்தால் ஒவ்வொரு கையும் 10 மீற்றர். எமது ஊரிற் பனைமரங்களே இயற்கை தந்த கம்பங்கள். ஆயினும் சோளகக் காற்றிற் பனை ஆடும்போது இறுகக் கட்டிய கம்பி அறுந்துபோம். ஒரு நுனியைக் கப்பியின் வழியே இறக்கி, அதிற் கல்லொன்றைத் தொங்கவிட்டால், மரம் ஆடினும் கம்பி தளராது, அறாது. கடற்காற்றின் உப்பு செம்பைத் தின்னும். ஆதலால் வடம் கம்பியோடு சேரும் இடத்தை மழைநீர் புகாது மூடி, ஆண்டுக்கொரு முறை மாரிக்கு முன் அவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். நின்றலை விகிதம் 1.5க்குள் இருந்தது திடீரென 3க்கு மேற் சென்றால், ஒலிபரப்பியைத் திறவாதே, மரத்தடிக்குச் செல்.

ஐந்தாவது, இரைச்சலின் ஊரைக் கண்டுபிடித்தல். இக்காலத்தில் மின்குமிழ்களும் தொலைபேசி மின்னேற்றிகளும் சூரியமின் மாற்றிகளும் குற்றலை முழுவதையும் இரைச்சலால் நிரப்புகின்றன. கருவியைப் பற்றரியில் இயக்கி, வீட்டின் முதன்மைச் சுவிற்சை நிறுத்துக. இரைச்சல் நின்றால் அது நம் வீட்டது, நில்லாவிடின் அயலது.

பழுதல்லாத பழுது

பயில்வோரை மிகவும் மயக்குவது வேறொன்று. பகல் வேளையில் 14 மெகாஹேட்சில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பை அழைப்பான் ஒருவன், மறுமொழி வராது. கருவி கெட்டது என்று கலங்குவான். சிறிது பொழுதில் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் தெளிவாகக் கேட்பார். இது பழுதன்று; வானத்தின் இயல்பு. அயன்மண்டலம் அம்மீடிறனைச் சாய்வாக வரும்போதே திருப்பியனுப்பும். ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பைத் தாண்டியே அது நிலத்தைத் தொடும். கொழும்புடன் பேசவேண்டின் பகலில் 7 மெகாஹேட்சுக்கு மாறி, கம்பியையும் தாழ்வாகக் கட்டுதல் நன்று. அலை ஏறக்குறைய நேர்மேலே சென்று அருகே திரும்பும்.

மேலும், பூமியின் காந்த நடுக்கோடு எமக்கு அண்மையிற் செல்கிறது. அதன் பொருட்டே கேரளத்துத் தும்பாவை விண்ணாய்வு நிலையத்துக்குத் தெரிந்தெடுத்து, 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இந்தியா முதல் ஆய்வு ரொக்கற்றை அங்கிருந்து செலுத்திற்று. இவ்வட்டாரத்திற் சூரியன் மறைந்தபின் அயன்மண்டலம் குழம்புவதுண்டு. அப்போது குரல்கள் நடுங்கி ஒலிக்கும். சூரியக் களங்கங்களும் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொரு முறை பெருகித் தேயும். ஆதலால் நாளும் நேரமும் மீடிறனும் கேட்ட நிலையமும் பதியும் குறிப்பேடு ஒன்று இன்றியமையாதது. கருவியின் குறை எது, வானத்தின் குணம் எது என்று பிரித்துக் காட்டுவது அக்குறிப்பேடே.

உயிர்க்காப்பு

பழுது தேடுவோன் தன்னைப் பழுதாக்கிக்கொள்ளலாகாது. மின்னை நிறுத்தியபின்னும் பெரிய கொள்ளளவிகள் ஏற்றத்தை வைத்திருக்கும். தக்க தடையொன்றின் வழியே அதனை வடித்த பின்னரே தொடுக. உயரழுத்தக் கருவிகளில் ஒரு கையாற் சோதித்து, மறுகையைப் பையில் வைத்திருத்தல் பழைய வல்லுநர் வழக்கம். மின்கம்பிகளுக்கு அருகே ஒருபோதும் ஏரியல் கட்டற்க. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமுழக்கம் கேட்கத் தொடங்கு முன்னரே வடத்தைக் கருவியினின்று கழற்றி வெளியே இடுக.

ஏன் கற்க வேண்டும்?

1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எமது வடமராட்சிக் கரையையும் முல்லைத்தீவையும் வாரிச் சென்றது. அன்று அந்தமானின் போட் பிளேயரில் அமெச்சூர் வானொலிப் பயணமாகத் தங்கியிருந்த பாரதி பிரசாத் குழுவினர், தங்கள் கருவிகளாலேயே உற்றாரைத் தேடுவோர்க்குச் செய்தி கொடுத்தனர். இலங்கை வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். அவ்வேளையிற் பயன்பட்டது விலையுயர்ந்த கருவியன்று. உள்ள கருவியைக் கிடைத்த பற்றரியில் இயக்கிக் காட்டும் பழகிய கையே.

ஒலிபரப்ப விரும்புவோர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையிற் சித்தியெய்தி உரிமமும் அழைப்புக்குறியும் பெறுதல் வேண்டும். பிரித்தானிய ஆட்சியில் வீ.எஸ்.7 எனத் தொடங்கிய எமது நாட்டுக் குறி, பின்னர் 4எஸ்7 ஆயிற்று. உரிமம் பெறுமுன் மாதக்கணக்கிற் செவிமடுத்துப் பழகுதல் நன்று. நன்கு கேட்கத் தெரிந்தவனே நன்கு பேசுவான்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்விற் கையிற் கிடைத்ததைக் கொண்டு வீட்டைவிட்டு நீங்கினோம். அந்த வானொலி பின்தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது அது அங்கில்லை. அதனைச் சீராக்கித் தந்த முதியவரையும் பின்னர் நான் கண்டிலேன். அவர் எனக்குத் தந்த மணற்கடதாசித் துண்டொன்று மட்டும் என் கருவிப்பெட்டியில் இருக்கிறது. கருவி எதுவாயினும் அதனைத் திறக்குமுன் அத்துண்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். எமது கல்லூரி மாணவரும் முதலிற் பார்த்து, பின்பு கேட்டு, அதன் பின்னரே தொடுவாராக.