வானத்துப் படங்களுக்கு ஏன் தனிக் கோப்பு?

கேள்வி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மூலப்படங்கள் ஜேபெக்காக இல்லாமல் 'ஃபிட்ஸ்' என்ற கோப்பாகக் கிடைக்கின்றனவே, ஏன்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஜேபெக் கண்ணுக்கானது. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். கோப்பைச் சுருக்கும்போது நுண்விவரங்களையும் உதறிவிடும். வானியலாளருக்கோ ஒவ்வொரு புள்ளியும் ஓர் அளவீடு. ஃபிட்ஸ் அந்த எண்களை அப்படியே காக்கிறது. கோப்பின் தலைப்பகுதியில் எந்தத் தொலைநோக்கி, எந்த நாள், எவ்வளவு நேரம் ஒளி வாங்கியது, வானில் எந்த இடம் என்பதெல்லாம் சாதாரண எழுத்துகளில், வரிக்கு 80 எழுத்தாக இருக்கும். படத்தோடு அதன் ஜாதகமும் சேர்ந்தே பயணிக்கிறது.

1970-களில் ஒவ்வோர் ஆய்வகக் கணினியும் தரவை ஒவ்வொரு விதமாக எழுதியது. காந்த நாடாவை அனுப்பினால் அடுத்த ஆய்வகத்தில் படிக்க முடியாது. அதற்குத் தீர்வாக வந்த ஃபிட்ஸின் விவரம் 1981-இல் வெளியானது. மறு ஆண்டே சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றது. கோப்பை 2880 பைட் துண்டுகளாக வைத்தார்கள். அன்றைய கணினிகள் எல்லாவற்றின் சொல்நீளத்துக்கும் (ஒரு கணினி ஒரே நேரத்தில் கையாளும் பிட்களின் எண்ணிக்கை) மீதியின்றி வகுபடும் எண் அது! எந்தக் கணினி நிறுவனத்துக்கும் சாதகமில்லாத அந்த முடிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

விதிமுறை எவ்வளவு மாறினாலும் பழைய ஃபிட்ஸ் கோப்பு செல்லாததாகக் கூடாது என்பது இன்றும் காக்கப்படும் நெறி. நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் விண்வெளித் தொலைநோக்கியின் தரவும் ஃபிட்ஸ்தான். வத்திக்கான் நூலகம் தன் அரிய கையெழுத்துப் படிகளை மின்வடிவில் பாதுகாக்கவும் இதையே தேர்ந்தெடுத்தது.

டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளை இறக்கி, ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். முதலில் தலைப்பகுதியைப் படியுங்கள்.