துச்சிலும் புக்கிலும்: வீடற்ற இளைஞர்க்கான உறைவிடமும் உறுதுணையும்

முன்னுரை

தமிழில் 'வீடு' என்னும் சொல் இருபொருள் தரும். மனிதன் வாழும் மனையும் வீடு. அவன் இறுதியில் எய்த விழையும் விடுதலையும் வீடு. அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றுக்கும் மேலாக வைத்த சொல்லையே அன்றாடம் தலைசாய்க்கும் இடத்திற்கும் நம் முன்னோர் வழங்கினர்.

திருக்குறளின் நிலையாமை அதிகாரத்து இறுதிக் குறளில் வள்ளுவர் உறைவிடத்தைக் குறிக்க இரு சொற்களை ஆள்கிறார். ஒன்று துச்சில், மற்றொன்று புக்கில். பிறர்க்குரிய இடத்தில் சிறிதுகாலம் ஒதுங்கியிருப்பது துச்சில். புகுந்தபின் பெயராது தங்குவது புக்கில். உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பேசவந்த இடத்தில் அவர் எடுத்தாண்ட இச்சொற்கள், வீடற்ற இளைஞரின் நிலையை ஆராய்வதற்கும் ஏற்ற அளவுகோலாக அமைகின்றன. ஒரு சமுதாயம் தன் ஆதரவற்ற இளைஞர்க்குத் துச்சில் மட்டும் தருகிறதா, புக்கிலுக்கு வழிகாட்டுகிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

வீடற்ற இளைஞர் என்போர் நடைபாதையிலும் தொடர்வண்டி நிலையத்திலும் உறங்குவோர் மட்டுமல்லர். பட்டறையிலும் உணவகத்தின் பின்கட்டிலும் வேலைமுடிந்தபின் பாய் விரிப்போர், உறவினர் வீடுகளில் மாறிமாறி ஒண்டியிருப்போர், குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து வயது நிரம்பியதால் வெளியேறியோர் ஆகிய அனைவரையும் இச்சொல் தழுவும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் வீடற்றோர் எனக் கூறியது. பாலத்தடியிலும் சாலையோரத்திலும் வெட்டவெளியிலும் வாழ்வோரே அக்கணக்கில் அடங்குவர். கூரையின்கீழ் ஒண்டியிருக்கும் இளைஞர் அதில் வீடற்றோராக இடம்பெறார்.

இலக்கியம் காட்டும் வீடற்ற இளைஞன்

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் தமிழிலக்கியம் காட்டும் வீடற்ற இளைஞருள் முதன்மையானவன். ஈன்ற தாயால் கைவிடப்பட்ட அவனை ஏழுநாள் ஒரு பசு பால்சுரந்து காத்தது. பின்னர் இளம்பூதி என்பான் அவனை எடுத்து வளர்த்துக் கல்வியும் கற்பித்தான். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை விடுவிக்க முயன்றதால் ஊரார் அவனைப் பகைத்தனர். வளர்த்த வீடும் அவனைக் கைவிட்டது. அவன் மதுரையை அடைந்து, சிந்தாதேவி கோயிலின் முன்னுள்ள அம்பலத்தில் தங்கினான். மனைதோறும் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர்க்கும் கால்முடமானோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் அளித்து, எஞ்சியதைத் தான் உண்டு, இரந்துண்ட ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, அவன் வீடிழந்தது வறுமையால் அன்று, உறவு முறிந்ததால். இன்றும் பல இளைஞர் வீட்டைவிட்டு வெளியேறுவதற்குக் குடும்பப் பூசலும் அடியும் மறுமணத்தால் வரும் புறக்கணிப்பும் காரணமாகின்றன. இரண்டாவது, வீடற்றவன் ஈகையற்றவன் அல்லன். தனக்கென ஒரு கூரையில்லாதவன் பிறர் பசியை நீக்கினான். மூன்றாவதே மிக முக்கியமானது. அவனுக்குக் கிடைத்த அமுதசுரபி அனைவர்க்கும் உணவளித்தது. அவனுக்கு ஒரு மனையை அளிக்கவில்லை. நாட்டில் மழைபொழிந்து பசி நீங்கியபோது அவனை நாடுவார் இல்லை. கப்பலேறிச் சென்றவன் மணிபல்லவத்தில் தனியனாய் விடப்பட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். சோறிடுதல் பேரறம். ஆயினும் சோற்றால் மட்டும் ஒருவன் வீடுடையவன் ஆகிவிடான் என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகிறது.

சட்டம் வகுத்த வழி

ஆதரவற்ற சிறாரைக் காக்கும் சட்டத்துறையில் தமிழகம் முன்னோடி. இந்தியாவிலேயே முதலாவதாக இயற்றப்பட்ட சிறார் சட்டம் 1920-ஆம் ஆண்டின் சென்னைச் சிறார் சட்டமாகும். 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய ஔவை இல்லம் ஆதரவற்ற பெண்களுக்கு உறைவிடமும் கல்வியும் சேர்த்தளித்தது. ஜமாஅத்துகளும் திருச்சபைகளும் மடங்களும் நடத்திவரும் ஆதரவற்றோர் இல்லங்கள் பலவும் இவ்வழியில் தொண்டாற்றி வருகின்றன.

1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாக, ஜெரூ பில்லிமோரியா என்னும் பெண்மணியின் முன்னெடுப்பில் 1098 என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பெற்றது. இடருற்ற சிறாரோ அவரைக் கண்டவரோ எந்நேரமும் அழைக்கலாம். இச்சேவையை 2023 முதல் அரசே ஏற்று நடத்துகிறது. இன்று நடைமுறையிலுள்ள 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்படும் சிறார் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்தப்பெறுவர். அக்குழு அவரைக் குடும்பத்தோடு சேர்க்கவோ இல்லத்தில் வைக்கவோ ஆணையிடும்.

இவையாவும் 18 வயது நிரம்பாதோர்க்கு உரியவை. பதினெட்டாம் பிறந்தநாள் பிற இளைஞர்க்கு மகிழ்ச்சிநாள். இல்லத்தில் வளர்ந்தவனுக்கோ அது வெளியேற வேண்டிய நாளும் ஆகிறது. நேற்றுவரை உணவும் படுக்கையும் மணியடித்தால் கிடைத்தன. இன்றுமுதல் அனைத்தையும் தானே தேடவேண்டும். வீட்டில் வளரும் பிள்ளையை எந்தப் பெற்றோரும் பதினெட்டு வயதில் வாயிற்கதவைச் சாத்தி அனுப்புவதில்லை.

சட்டம் இவ்விடர்ப்பாட்டை அறியாமலில்லை. அதன் 46-ஆம் பிரிவு, இல்லத்தைவிட்டு நீங்குவோர்க்குப் 'பிற்காப்பு' வழங்கலாம் என்கிறது. பிற்காப்பு 21 வயதுவரை தொடரலாம். தனிச்சூழல்களில் மேலும் ஈராண்டு நீட்டிக்க 2016-ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன. சிறுகுழுவாகச் சேர்ந்து வாழும் தற்காலிக உறைவிடம், பயிற்சிக்காலத்தில் உதவித்தொகை, தொழிற்பயிற்சி, தொடர்ந்து தொடர்பிலிருக்கும் ஆலோசகர், தொழில்தொடங்கக் கடனுதவி ஆகியன அவ்விதிகளில் இடம்பெற்றுள்ளன. 2022-இல் வெளியான 'மிஷன் வாத்சல்யா' நெறிமுறைகள் பிற்காப்புக்கென ஒருவர்க்குத் திங்களுக்கு 4,000 ரூபாய் என வரையறுத்தன.

இங்கே ஒரு சிறு கணக்கு. திங்களுக்கு 3,000 ரூபாய் வாடகையில் ஓர் அறை கிடைப்பதாகக் கொள்வோம். மாற்று உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகையை மிகலாகாது என்பது தமிழகத்தின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அதன்படி 9,000 ரூபாய் முன்பணமும் முதல்மாத வாடகையும் சேர்ந்து 12,000 ரூபாய் ஆகும். உதவித்தொகை முழுவதையும் உண்ணாமல் சேமித்தாலும் மூன்று திங்கள் செல்லும். அதுவரை அவன் எங்கே உறங்குவான்? இவ்வினாவிற்கு விடைகாணாத எந்தத் திட்டமும் நிறைவுடையதாகாது.

நகர்ப்புறங்களில் வீடற்றோர் உறைவிடங்கள் உள்ளன. 2010-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தில்லியில் வீடற்றோர் மாண்டதையொட்டி, நகரங்களில் இலட்சம் பேருக்கு ஓர் உறைவிடம் வீதம் அமைத்து அதனை நாள்முழுதும் ஆண்டுமுழுதும் திறந்துவைக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஒருவர்க்கு 50 சதுர அடி இடம் என வரையறுத்தது. ஆயினும் முதியோரும் நோயுற்றோரும் தங்கும் பொதுக்கூடத்தில், தேர்வுக்குப் படிக்கும் பத்தொன்பது வயது இளைஞன் விளக்கொளிக்கு எங்கே செல்வான்? சான்றிதழ்களை எப்பெட்டியில் பூட்டிவைப்பான்? இளைஞர்க்கென்று தனித்த உறைவிடம் வேண்டுவது இதனாலேயே. இளம்பெண்களுக்கு இத்தேவை இருமடங்காகும். ஓரிரவு இடமின்மையும் அவர்களுக்குப் பேரிடராக முடியலாம். தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் பணிபுரியும் மகளிர்க்கு உரியவை. பணி தேடும் நிலையிலுள்ள பெண்ணுக்கு அவ்வாயில் திறப்பதற்கு இடையே ஒரு பாலம் தேவை.

பிறநாட்டு நடைமுறை

இத்துறையில் பிரித்தானியர் கற்ற பாடம் நமக்கும் பயன்படும். 1969-இல் இலண்டனின் சோஹோ பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், கென்னத் லீச் என்னும் பாதிரியார் வீடற்ற இளைஞர்க்கு இரவுத் தங்கல் ஒன்றைத் தொடங்கினார். 'சென்டர்பாயின்ட்' என்னும் அவ்வமைப்பு நாளடைவில் விடுதி, கல்வி, மருத்துவம், வேலைவாய்ப்பு எனத் தன் பணியை விரித்தது. துச்சிலாகத் தொடங்கியது புக்கிலை நோக்கி வளர்ந்தது எனலாம்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் பிரான்சில் ஊர்ப்புறத்திலிருந்து நகரத்தொழில்களுக்கு வந்த இளைஞர்க்காகப் 'ஃபுவாயே' என்னும் விடுதிகள் பெருகின. 1990-களின் தொடக்கத்தில் அம்முறை பிரித்தானியாவுக்கும் வந்தது. முகவரி இல்லாதவனுக்கு வேலை தருவாரில்லை. வேலை இல்லாதவனுக்கு வீடு தருவாரில்லை. இச்சுழலை அறுக்க, அறையையும் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்து வழங்குவதே ஃபுவாயே முறையின் அடிப்படை.

பிரித்தானியாவில் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், அரசின் பராமரிப்பைவிட்டு நீங்கும் இளைஞர் ஒவ்வொருவர்க்கும் தனி ஆலோசகரையும் எழுத்துவடிவில் ஒரு வாழ்க்கைத் திட்டத்தையும் உறுதிசெய்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசகரின் துணையை 25 வயதுவரை நீட்டித்தது. 2009-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை ஒரு வழக்கில், வீடற்று நிற்கும் பதினாறு, பதினேழு வயதினர்க்கு அறை ஒதுக்கிவிட்டால் மட்டும் உள்ளாட்சியின் கடமை தீராது; அவர்களைப் பராமரிப்பு தேவைப்படும் சிறாராகவே ஏற்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கூரை வேறு, பராமரிப்பு வேறு, இரண்டும் தேவை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

உறைவிடத்தோடு சேரவேண்டியவை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், வீடற்ற இளைஞர்க்கான பணி மூன்று படிகளை உடையது எனத் தெளியலாம். முதற்படி, அன்றிரவே கிடைக்கும் அச்சமற்ற ஒதுக்கிடம். இரண்டாம்படி, ஓரிரு ஆண்டுகள் தங்கிப் படிக்கவும் தொழில்கற்கவும் உதவும் இடைத்தங்கல். மூன்றாம்படி, தன் பெயரில் வாடகை செலுத்தும் சொந்த இருப்பு. நம் நாட்டில் முதற்படிக்கே பெரும்பாலும் நன்கொடை திரள்கிறது. மூன்றாம்படியை எட்டாதவன் மீண்டும் முதற்படிக்கே திரும்பிவிடுவான்.

படிகள்தோறும் நான்கு துணைகள் வேண்டும். ஒன்று, ஆவணம்: ஆதார், வங்கிக்கணக்கு, கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை இல்லத்தை நீங்குமுன்பே அவன் கையில் சேர்த்தல். இரண்டு, வாழ்க்கைத் திறன்: சமைத்தல், செலவுக்கணக்கு எழுதுதல், வாடகை ஒப்பந்தம் படித்தல் முதலியவற்றைப் பதினாறு வயதிலேயே பழக்குதல். மூன்று, உடல்நலமும் மனநலமும்: இழப்பும் அடியும் கண்ட உள்ளத்திற்கு மருத்துவரின் துணை தேவை, அது இழுக்கன்று. நான்கு, ஒரு மனிதர்: நோயுற்றால் பார்க்கவும், வேலைகிடைத்தால் மகிழவும், பெருநாளுக்கு அழைக்கவும் வயதில் மூத்த ஒருவர். முதல் மூன்றையும் அரசாணையால் தரலாம். நான்காவதை மனிதரே தரமுடியும்.

நாம் ஆற்றத்தக்கவை

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி விடுதிகள் விடுமுறையில் மூடப்படும்போது, செல்வதற்கு ஊரில்லாத மாணவர் ஓரிருவர் எங்கும் இருக்கக்கூடும். அவர்கள் தம் நிலையைச் சொல்லமாட்டார்கள். நண்பன் ஊருக்குச் செல்வதாகவே கூறுவார்கள். ஆதலின் விடுமுறையிலும் சில அறைகளைத் திறந்துவைக்கும் நடைமுறையை, விண்ணப்பத்தில் காரணம் கேளாமலே ஏற்படுத்தலாம். பெற்றோர் கையொப்பம் வேண்டும் இடங்களிலெல்லாம் பாதுகாவலர் கையொப்பத்தையும் ஏற்கலாம்.

மாணவ நண்பர்கள் செய்யத்தக்கது எளிது. இரவில் தொடர்வண்டி நிலையத்தில் தனித்துநிற்கும் சிறாரைக் கண்டால் 1098 எண்ணை அழையுங்கள். உடன்படிக்கும் தோழன் தன் வீட்டைப்பற்றிப் பேசத் தயங்கினால் துருவிக் கேளாதீர்கள்.

சமுதாயப் பெரியோர்கள் கருதவேண்டியது ஒன்றுண்டு. இல்லங்களில் சிறுவர்க்கு உணவளிக்கும் நாம், அவர்கள் பதினெட்டைக் கடந்தபின் எங்குள்ளனர் எனக் கேட்டறிகிறோமா? ஒவ்வோர் இல்லமும் தன்னைவிட்டு நீங்கியோரின் பதிவேடு ஒன்றை ஐந்தாண்டுக்கேனும் பேணலாம். வீட்டுரிமையாளராக இருப்போர் ஓர் அறையை முன்பணமின்றி அளிக்கலாம். இயலாதோர் பிணை நிற்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி, பிற்காப்பு பெறத் தகுதியுடையோர்க்கு விண்ணப்பிக்கத் துணைசெய்யலாம். தகுதியிருந்தும் அறியாமையால் ஒருவன் உதவியை இழப்பானாயின், அவ்விழப்பில் அறிந்தவர்க்கும் பங்குண்டு.

முடிவுரை

மணிமேகலை ஆபுத்திரனின் அமுதசுரபியை ஏந்தியபின், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள் எனக் காப்பியம் கூறும். அங்கே கட்டடம் மாறவில்லை. அதனுள் இருந்தோரைக் கருதிய முறை மாறியது. நம்மிடமும் விடுதிகளும் இல்லங்களும் சட்டங்களும் உள்ளன. பதினெட்டாம் பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் ஒரு பெட்டியோடு வாயிலில் நிற்கும் இளைஞனுக்கு, அடுத்து எங்கே செல்வது என்பதைச் சொல்ல ஒருவர் இருக்கவேண்டும். அவ்வொருவராக இருக்க நம்மில் யார் முன்வருவார் என்பதைப் பொறுத்தே துச்சில் புக்கிலாகும்.