மருந்துப் பம்பியும் அமுக்கமும்: ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கற்றவை

மன்னார்க் கரையில் மீனோ நண்டோ வாங்க வரும் ஏற்றுமதிக் கம்பனிக்காரர் இன்று ஐஸைப் பற்றியும் விசாரிக்கிறார். மீனைத் தொடும் ஐஸ் குடிக்கத்தக்க தண்ணீரில் செய்ததா, குளோரின் அளவாக இருக்கிறதா என்று பார்க்கிறார். எனவே கிணற்றுத் தண்ணீரை நம்பி ஐஸ் செய்யும் நம்மவர்களுக்கு, 'டோசிங் பம்ப்' எனப்படும் மருந்துப் பம்பி தவிர்க்க முடியாததாகிவிட்டது. இதனை வாங்கும்போது எல்லோரும் "மணித்தியாலத்துக்கு எவ்வளவு தள்ளும்?" என்றே கேட்கிறோம். எவ்வளவு அமுக்கத்துக்கு எதிராகத் தள்ளும் என்று கேட்பவர் குறைவு. நானும் கேட்கவில்லை.

1990 ஒக்டோபரில் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. 2012 இல் நானும் மச்சானும் கையிலிருந்ததையெல்லாம் போட்டுச் சிறிய ஐஸ் தொழிற்சாலை ஒன்றை ஆரம்பித்தோம். கரையோரக் கிணறு உப்பு. ஓரளவு நல்ல தண்ணீர்க் கிணறு 100 மீற்றர் தள்ளி இருந்தது. அங்கிருந்து ஒன்றேகால் அங்குலக் குழாயில் 8 மீற்றர் உயரத் தாங்கிக்குத் தண்ணீர் ஏறும்.

கணக்கு இலேசானது. மணிக்கு 5,000 லீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் மணிக்கு 10 கிராம் வேண்டும். பத்து வீதத் திரவக் குளோரினில் அது 100 மில்லிலீற்றர். கடைக்காரர், "தாங்கி 8 மீற்றர்தானே நாநா, 10 மீற்றர் தண்ணீர் ஒரு பார். ஒரு பார் பம்பி தாராளம்" என்றார். அவர் மறந்தது குழாயின் உராய்வு. நீளமான ஒடுங்கிய குழாயில் தண்ணீர் ஓடும்போது கூடுதலாக அமுக்கம் ஏறும். பிறகு அமுக்கமானி பூட்டிப் பார்த்தபோது, கிணற்றடியில் மோட்டர் ஓடுகையில் 1.6 பார் காட்டியது. எங்கள் பம்பி டக் டக் என்று அடித்ததே தவிர, ஒரு சொட்டு மருந்தும் உள்ளே போகவில்லை.

குழாய் வேலை செய்த பாஸ் ஒரு குறுக்கு வழி சொன்னார். மருந்துக் குழாயை மோட்டரின் உறிஞ்சும் பக்கத்தில் மாட்டினால் எதிர் அமுக்கமே இல்லை என்றார். உண்மைதான், ஆனால் அங்கே இருப்பது வெற்றிடம். பம்பிக்குள் இருக்கும் சிறு குண்டு வால்வுகள் மூடுவதற்கு எதிர்ப்பக்கம் அமுக்கம் வேண்டும். அது இல்லாவிட்டால் பம்பி ஒரு திறந்த குழாய் மாதிரித்தான். அன்றிரவு மோட்டரே கேனிலிருந்த 20 லீற்றர் குளோரினையும் உறிஞ்சித் தாங்கிக்கு அனுப்பிவிட்டது. அடுத்த நாள் ஐஸில் ஆஸ்பத்திரி வாடை. அந்த ஐஸ் போட்ட நண்டுகளைக் கொள்வனவாளர் லொறியிலிருந்து இறக்கவே விடவில்லை. நண்டுக்காரருக்கு நாங்கள்தான் பணம் கொடுத்தோம். அதை அடைக்க எட்டு மாதம் சென்றது.

ஆக அமுக்கம் கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். மறுபடி பூட்டும்போது மருந்தை மோட்டரின் தள்ளும் பக்கத்திலேயே செலுத்தினோம். அமுக்கமானி காட்டியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும் பம்பியாக, 5 பார் வாங்கினோம். மருந்து நுழையும் இடத்தில் ஸ்பிரிங் வால்வு ஒன்று வைத்தோம். அது ஒரு பார் அளவு தள்ளினால்தான் திறக்கும். குழாயில் வெற்றிடம் வந்தாலும் மருந்து தானாக ஓடாது. மருந்துப் பம்பியின் கரண்ட் இணைப்பைக் கிணற்று மோட்டருடன் சேர்த்துவிட்டோம். மோட்டர் நின்றால் அதுவும் நிற்கும்.

இன்னொன்று, பலர் காசு மிச்சம் பிடிக்கும் இடம். யாராவது கேட் வால்வை மூடிவிட்டால் மோட்டரில் இயங்கும் மருந்துப் பம்பி விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசியில் குழாய் வெடித்துக் குளோரின் முகத்தில் அடிக்கும். மிகை அமுக்கத்தைத் திரும்பக் கேனுக்கே விடும் வால்வு கட்டாயம் வேண்டும்.

உவர்நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் போடுவோர் இதற்கு நேர்மாறாக ஏமாறுகிறார்கள். கடல்நீர் ஆர்.ஓ.வில் 55 முதல் 70 பார் வரை அமுக்கம் என்று கேட்டுப் பயந்து, அதைத் தாங்கும் விலையுயர்ந்த மருந்துப் பம்பி தேடுகிறார்கள். உப்புப் படியாமல் தடுக்கும் மருந்து பெரிய பம்பிக்கு முன்னாலேயே சேர்க்கப்படுகிறது. அங்கே சில பார் அமுக்கமே இருக்கும். ஆனால் குளோரின் மென்சவ்வைக் கெடுத்துவிடும். அதை முன்பே நீக்க வேண்டும்.

பம்பியின் அளவை மேசையில் வைத்துச் சரிபார்ப்பதில் பயனில்லை. அமுக்கம் ஏற ஏறத் தள்ளும் அளவு குறையும். மோட்டர் ஓடும்போது, உறிஞ்சும் குழாயை அளவுக் குவளையில் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். எங்களுக்கு 16, 17 மில்லிலீற்றர் இறங்க வேண்டும்.

மன்னார் வெயிலில் திரவக் குளோரின் வலு இழந்துவிடுவதால் இப்போது 10 லீற்றர் கேன்தான், அதுவும் நிழலில். நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் பத்து நாளைக்கு வரும். மாற்றிய தேதியை மச்சான் சுவரில் சோக்கால் எழுதுகிறார். ஏழாம் நாளே கேன் காலியானால், அன்றைக்கு ஐஸ் வெளியே போகாது. முதலில் ஸ்பிரிங் வால்வைக் கழற்றுவோம்.