கப்பல் தேதியும் சாயத் தேதியும்

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதியில் ஒவ்வொரு பிரிவும் தன் வேலையைச் சொன்ன நாளில் முடித்தும், சரக்கு கப்பலேறும் நாள் தள்ளிப்போவது ஏன்?

பதில்: ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனித் தேதி குறிக்கப்படுவதும், அத்தேதிகள் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கப்படாததுமே முதன்மைக் காரணம். திருப்பூரில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் போன்ற வேலைகள் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் நடவாமல், கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறைகளில் நடப்பதால், அவரவர் தமக்கு வந்த துணியை மட்டுமே அறிவர்.

டி-ஷர்ட்டின் உடற்பகுதிக்கான சிங்கிள் ஜெர்சி துணி ஓர் இயந்திரத்திலும், கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி வேறோர் இயந்திரத்திலும் பின்னப்படுகின்றன. இரண்டும் ஒரே லாட்டில், அதாவது ஒரே சாயக் கரைசலில் ஒன்றாகச் சாயமேறினால்தான் நிறம் ஒத்துப்போகும். ரிப் துணி எடையில் மிகச் சிறிதேயாயினும், அது இரண்டு நாள் பிந்தினால் முழுத் துணியும் காத்திருக்க வேண்டும்; காத்திராமல் தனியே சாயமேற்றினால், கழுத்து ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாகி, செக்கிங்கில் ஆடைகள் ஒதுக்கப்படும்.

இத்தகைய தொடரில் மிகக் குறைந்த கொள்ளளவுடைய கட்டமே முழுத் தொடரின் வேகத்தை வரையறுக்கிறது என்பதை எலியாஹு கோல்ட்ராட் 1984-இல் வெளியான ‘தி கோல்’ என்னும் நாவலில் விளக்கினார். திருப்பூரில் அவ்விடத்தில் பெரும்பாலும் நிற்பது சாயப்பட்டறையே. நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது, தையல் இயந்திரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தும், துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்ற நேர்ந்தது. மீண்டும் இயங்கும் பட்டறைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் மீட்டெடுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு எவ்வளவு நீரை ஏற்கிறதோ, அந்த அளவுக்கே அதன் உறுப்பினரான பட்டறை இயங்க முடியும்; இயந்திரங்களைக் கூட்டினாலும் அந்த எல்லை விரிவதில்லை.

ஆகவே, கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, முதலில் சாயப்பட்டறையில் நாளை உறுதிசெய்து, நூல் கொள்முதலையும் நிட்டிங்கையும் அந்நாளுக்கேற்ப அமைப்பதே முறை. சாயத்துக்கு முன்னால் ஓரிரு நாள் வேலைக்கான கிரே துணி, அதாவது சாயமேறாத துணி, ரிப்புடன் ஜோடியாக இருப்பில் இருந்தால் போதும். அதற்கு மேல் பின்னிக் குவிப்பது பணத்தை முடக்குமேயன்றி ஆர்டரை விரைவுபடுத்தாது. சாயத் தேதி மாறினால், அன்றைக்கே நூல் தருபவர் முதல் தையல் பிரிவு வரை அனைவருக்கும் ஏற்றுமதியாளர் அதைத் தெரிவிக்க வேண்டும்.