செம்பருத்தியில் ஒரு தையற்காரி

பங்குனி பிறந்தால் செம்பருத்தியைக் கவாத்து செய்துவிட வேண்டும் என்பார்கள் அம்மா. சென்ற ஆண்டு நாங்களும் உற்சாகமாக வெட்டித் தள்ளினோம். கீழே விழுந்த கிளையில் இரண்டு இலைகள் சேர்த்துத் தைத்தாற்போல் இருந்தன. பிரித்தோம்; உள்ளே மூன்று முட்டைகள் உடைந்து கிடந்தன. அது தையல்சிட்டின் கூடு.

பெண் பறவைதான் தைக்கிறது. இலை ஓரங்களில் கூரிய அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சிழையையும் கோத்து இழுக்கிறது. முடிச்சுப் போடுவதில்லை, வெளியே வந்த நுனி பஞ்சாக விரிந்து துளையில் பிடித்துக்கொள்ளும். (நம் தையல் வகுப்பில் இதற்கு மதிப்பெண் கிடைக்குமா, தெரியாது!) இலைகள் காம்போடு செடியிலேயே இருப்பதால் வாடாமல் பசுமையாக நின்று கூட்டை மறைக்கின்றன. எங்கள் கண்ணுக்குத் தப்பியதும் அதனால்தான்.

அடைகாப்பது ஏறக்குறைய 12 நாட்கள். பின்னர் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறச் சுமார் 14 நாட்கள். ஒரு மாதம்கூட இல்லை!

இவ்வாண்டும் அதே செடியில் ‘டுவிட், டுவிட்’ என்று குரல் கேட்டது. அம்மா கத்தரியைப் பரணில் போட்டுவிட்டார்கள். அப்பா பூச்சிமருந்து தெளிப்பதை நிறுத்திவிட்டார்கள்; குஞ்சுகளுக்கு இரையே அந்தப் பூச்சிகள்தாமே! தங்கையைத்தான் அடக்க முடியவில்லை. நாளுக்குப் பத்து முறை சன்னலில் போய் நிற்கிறாள்.